ஹீரோவின் ஆயுதங்களைப் பறிப்பது எப்படி? கேம் உருவாக்குபவர்களுக்கு ஒரு ஒப்பீடு

கேம் ஒன்றைப் பாதி உருவாக்கி முடித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிளேயரிடம் இந்நேரம் நாலைந்து துப்பாக்கிகளும் நல்ல கவசமும் பை நிறைய மருந்தும் சேர்ந்திருக்கும். எந்த எதிரி வந்தாலும் பழகிய ஆயுதத்தை எடுத்து, பழகிய பட்டனை அழுத்தி முடித்துவிடுகிறார். ஆட்டம் சப்பென்று ஆகிவிட்டது. அந்த நேரத்தில் டிசைனர்களுக்கெல்லாம் தோன்றுகிற யோசனை ஒன்று உண்டு: எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாம். ஹீரோ பிடிபடட்டும், கப்பல் நொறுங்கட்டும், கொஞ்ச தூரம் வெறுங்கையோடு போகட்டும்.

நல்ல யோசனைதான். மறக்க முடியாத சில கேம் பகுதிகள் இப்படித்தான் பிறந்தன. பிளேயர் எரிச்சலில் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போன பகுதிகளும் இப்படித்தான் பிறந்தன. எதை எடுத்தோம் என்பதைவிட, எடுத்த பிறகு பிளேயரிடம் என்ன மிச்சம் இருக்கிறது, அதை வைத்துப் பிழைக்க அவருக்கு முன்பே கற்றுக்கொடுத்திருக்கிறோமா என்பதே இரண்டையும் பிரிக்கிறது என்று நினைக்கிறேன். அந்தக் கேள்வியோடு, ஏற்கெனவே செய்து காட்டப்பட்ட வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து கேம் செய்யும் சிறிய குழுக்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

அடித்துப் போட்டுப் பிடுங்குவது

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி இதுதான். 1998-இல் வந்த ஹாஃப்-லைஃப் கேமில் ஹீரோ கார்டன் ஃப்ரீமேன் ஓர் இருட்டறைக்குள் நுழைகிறார். ராணுவ வீரர்கள் மறைந்திருந்து அடித்து வீழ்த்துகிறார்கள். கண் விழிக்கும்போது குப்பை நசுக்கும் இயந்திரத்துக்குள் கிடக்கிறார். அதுவரை சேர்த்த துப்பாக்கி ஒன்றும் இல்லை. தப்பித்து வெளியே வந்தால் கொஞ்ச நேரத்தில் கடப்பாரை கிடைக்கிறது. கேமின் தொடக்கத்தில் முதல் ஆயுதமாகக் கிடைத்த அதே கடப்பாரை.

இது உறுத்தாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. ஹாஃப்-லைஃப் துப்பாக்கிகள் பிளேயர் பார்த்துப் பார்த்து மெருகேற்றியவை அல்ல. வழியில் கிடந்தவை, மறுபடியும் வழியில் கிடைக்கப்போகிறவை. உங்கள் கேமில் பிளேயர் காசு சேர்த்து, பொருள் தேடி, ஒரு வாளை ஐந்து முறை மேம்படுத்தியிருக்கிறார் என்றால் கதை வேறு. அந்த வாளை ஒரு வெட்டுக்காட்சியில் (சினிமாபோல் தானாக ஓடும் கதைக்காட்சியில்), அவர் எதிர்த்து ஒரு பட்டனைக்கூட அழுத்த முடியாதபோது பிடுங்கினால், தோற்றது ஹீரோ என்று அவர் நினைக்க மாட்டார். டிசைனர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் நினைப்பார். இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் தங்கள் ஆயுதங்கள் எந்த வகை என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஒரு புத்திசாலித்தனமான மாற்று 1997-இல் வந்த கேசில்வேனியா: சிம்பனி ஆஃப் தி நைட்டில் இருக்கிறது. ஹீரோ அலுகார்டு கோட்டைக்குள் நுழையும்போதே உச்ச தரத்து வாள், கேடயம், கவசம் எல்லாம் அணிந்திருக்கிறார். எதிரே வருபவை ஒரே வெட்டில் சாய்கின்றன. சில நிமிடங்கள்தான். எமன் எதிரே வந்து நின்று அத்தனையையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். பிளேயர் அவற்றை உழைத்துச் சம்பாதிக்கவில்லை என்பதால் கோபம் வருவதில்லை. ஆனால் அந்த பலத்தின் சுவை கையில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு எவ்வளவோ நேரம் கழித்துக் கோட்டையின் ஒரு மூலையில் அதே வாள் கிடைக்கும்போது, இது என்னுடையது என்று தோன்றுகிறது. புதிதாகக் கேம் செய்கிறவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். இருக்கிற ஆயுதங்களை வைத்தே செய்துவிடலாம், தனி லெவல்கூடத் தேவையில்லை.

எல்லாம் போய், ஒன்று மட்டும்

ஹாஃப்-லைஃப் 2 (2004) இதே யோசனையைத் தலைகீழாகத் திருப்பியது. கடைசிக் கட்டத்தில் சிட்டடெல் கோபுரத்துக்குள் போகும்போது ஓர் இயந்திரம் கார்டனின் ஆயுதங்களை ஒவ்வொன்றாக அந்தரத்தில் தூக்கிப் பொசுக்குகிறது. கடைசியில் மிஞ்சுவது கிராவிட்டி கன் மட்டும். பொருட்களை இழுத்து வீசும் கருவி அது. அதை அழிக்கப் பார்த்த இயந்திரம் கோளாறாகி, ஆரஞ்சு நிறத்தில் இருந்த கருவி நீலமாக மாறுகிறது. இனி அது பெட்டியையும் பீப்பாயையும் மட்டுமல்லாமல் எதிரிச் சிப்பாயையே இழுத்து வீசும். சுவரில் பாயும் ஆற்றல் உருண்டைகளையும் பிடுங்கும்.

ஆயுதங்களை இழந்த பிறகு பிளேயர் முன்னைவிடப் பலசாலி ஆகிறார். ஆனாலும் இழப்பு உண்மையாகவே இருக்கிறது, ஏனென்றால் யோசிக்கும் முறை மாறிவிட்டது. இது ஏன் இத்தனை இயல்பாக வேலை செய்கிறது என்று பார்த்தால், ஐந்தாம் அத்தியாயத்திலேயே அந்தக் கருவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ரேவன்ஹோம் என்ற ஊரில், தோட்டா குறைவாக இருக்கும் இடத்தில், ரம்பத் தகடுகளையும் பீப்பாய்களையும் வீசியே பிழைக்க வைத்தார்கள். சிட்டடெலில் பிளேயர் எதையும் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை. மணிக்கணக்காகப் பழகியதை இன்னும் பெரிய அளவில் செய்கிறார், அவ்வளவுதான்.

கேமின் உச்சக்கட்டத்தில் ஆயுதத்தைப் பறிக்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நிபந்தனை ஒன்றே ஒன்று: மிஞ்சப்போகும் அந்த ஒன்றை முதல் பாதியிலேயே பிளேயர் ஆசையோடு பயன்படுத்தியிருக்க வேண்டும். கடைசி லெவலில் புதிதாக ஒரு கருவியைக் கொண்டுவந்து, இனி இதுதான் என்றால் அது பாடம் நடத்துவதுபோல் ஆகிவிடும்.

உடம்பையே மாற்றுவது

எனக்கு நெருக்கமானது மெட்ராய்டு: ஜீரோ மிஷன். 2004-இல் கேம் பாய் அட்வான்ஸில் வந்தது. 1986-இல் வந்த முதல் மெட்ராய்டின் மறு உருவாக்கம். பழைய கேமை ஆடியவர்களுக்கு முடிவு தெரியும்: இறுதி எதிரியான மதர் பிரெயினை அழித்துத் தப்பி ஓடினால் ஆட்டம் முடிந்தது. புதியதிலும் அது நடக்கிறது. ஆனால் ஆட்டம் முடியவில்லை. கேமின் நாயகி சேமஸின் விண்கலத்தை விண்வெளிக் கொள்ளையர்கள் சுட்டு வீழ்த்துகிறார்கள். கவசம் போய்விட்டது. உடலோடு ஒட்டிய உடுப்பும் ஒரு சிறிய அவசரத் துப்பாக்கியும் மட்டும் மிச்சம். அந்தத் துப்பாக்கி கொள்ளையர்களைக் கொல்வதில்லை, கொஞ்ச நேரம் உறைய வைக்கிறது. ஒரு முறை சுட்டால் மறுபடி நிரம்பக் காத்திருக்க வேண்டும்.

அதுவரை அறைக்கு அறை எல்லோரையும் துவம்சம் செய்துகொண்டு போனவர் இப்போது ஒளிகிறார், தவழ்கிறார், அபாய ஒலி கேட்டால் ஓடுகிறார். பந்தாகச் சுருண்டு நுழைந்த துவாரங்களில் கைகால் ஊன்றி ஊர்கிறார். அந்தக் கவசத்தின் எடை, வேகம், பாதுகாப்பு எல்லாம் எவ்வளவு என்று அது இல்லாதபோதுதான் புரிகிறது.

அப்புறம் வருகிறது திருப்பித் தரும் கட்டம். இந்தப் பகுதியை மனதில் நிற்க வைப்பது இதுதான் என்பேன். கேம் முழுக்கச் சேமஸ் மூன்று பொருட்களைக் கண்டெடுத்திருப்பார். கவசத்துக்கு ஒத்துவராதவை, அடையாளம் தெரியாதவை என்று பட்டியலில் சும்மா கிடந்தவை. சோசோ என்ற பழங்கால இனத்தாரின் கோயிலில் ஒரு சோதனையைத் தாண்டியதும் முழு வலிமையுள்ள புதிய கவசம் கிடைக்கிறது. அந்த மூன்றும் ஒரே நொடியில் உயிர்பெறுகின்றன. எந்தக் கொள்ளையர்களுக்குப் பயந்து ஒளிந்தாரோ, அவர்கள் இப்போது அவர் முன்னால் நிற்க முடியவில்லை. இழந்ததைத் திருப்பித் தருவதோடு நிற்காமல், எப்போதோ கொடுத்து வைத்த வாக்குறுதியையும் அங்கேயே நிறைவேற்றுகிறார்கள்.

ஆனால் செலவு அதிகம். புதிய அசைவுகள், புதிய எதிரி நடத்தை, யார் யாரை எங்கிருந்து பார்க்க முடியும் என்ற கணக்கு, அபாய ஒலி கேட்டால் துரத்துவது, மறைந்தால் தேடுவதை நிறுத்துவது என்று இன்னொரு சிறிய கேமே செய்ய வேண்டியிருக்கும். சண்டை கேமுக்காக எழுதிய எதிரிகளை அப்படியே வைத்து ஒளிந்து விளையாடச் சொன்னால் அது ஒருநாளும் சரிவராது. ஆள் பலம் குறைந்த குழு இதில் இறங்கினால், ஹீரோவின் கவசமே அவருடைய அடையாளம் என்ற அளவுக்குக் கதை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உழைப்பு வீண்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம் (2003). கேம் முழுக்க இளவரசனிடம் ஒரு கத்தி இருக்கும். தவறிக் கீழே விழுந்தால் காலத்தைப் பின்னோக்கி ஓட்டி மீண்டும் தாவலாம். கடைசிப் பகுதியில், கூடவே வந்த இளவரசி ஃபாரா அந்தக் கத்தியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். இளவரசன் கோபுரத்தில் ஏற வேண்டும், இனி ஒரு தவறும் மன்னிக்கப்படாது. சண்டையைப் பொறுத்தவரை அவன் பலவீனமாகவில்லை, வழியில் கிடைக்கும் வாள் எதிரிகளை ஒரே வெட்டில் முடிக்கிறது. பறிபோனது தவறைத் திருத்தும் வசதி மட்டும். தாவல்கள் பழையவைதான், பயம் மட்டும் புதிது. புதிதாக எதையும் உருவாக்காமல், இருக்கிற ஒன்றை நிறுத்தி வைத்தே இத்தனை பதற்றம். உங்கள் பிளேயர் உண்மையில் எதன்மேல் சாய்ந்துகொண்டிருக்கிறார் என்று ஒரு முறை கவனித்துப் பாருங்கள். பல கேம்களில் அது ஆயுதமாகவே இருக்காது. வரைபடமாக இருக்கலாம், மருந்தாக இருக்கலாம், கூட வரும் துணையாக இருக்கலாம்.

பிளேயர் தானாகவே நடந்து வருவது

தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட் (2017) வரைபடத்தின் தென்கிழக்கு ஓரத்தில், கடலுக்கு நடுவே ஈவன்டைட் என்ற தீவு இருக்கிறது. கதையை முடிக்க அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை. கரையிலிருந்து பாராகிளைடரில் மிதந்தோ படகிலோ போகலாம். மணலில் கால் வைத்ததும் ஒரு குரல் கேட்கிறது. ஹீரோ லிங்கின் வாள், வில், கேடயம், உடை, உணவு எல்லாம் மறைந்துவிடுகின்றன. தீவில் மூன்று உருண்டைகள் இருக்கின்றன. அவற்றை மூன்று பீடங்களில் கொண்டுபோய் வைத்தால் எல்லாம் திரும்பி வரும். முடியாது என்று தோன்றினால் தீவை விட்டுக் கிளம்பிவிடலாம், அப்போதும் எல்லாம் திரும்பி வரும்.

மிச்சம் என்ன இருக்கிறது? இதயங்கள் (உயிரின் அளவு), தெம்பு, பாராகிளைடர், அப்புறம் லிங்க் வைத்திருக்கும் ஷீக்கா பலகை என்ற கருவியில் உள்ள ஆற்றல்கள்: தீராத வெடிகுண்டு, இரும்பை இழுக்கும் காந்தம், பொருளை நிறுத்தி வைப்பது, தண்ணீரில் பனித்தூண் எழுப்புவது. இவை நான்கும் கேமின் முதல் சில மணி நேரத்திலேயே, ஆட்டம் தொடங்கும் பெரிய பீடபூமியில் கொடுக்கப்பட்டவை. அங்கே லிங்க் உள்ளாடையோடு கண் விழித்தார், ஒரு மரக்கிளையை ஆயுதமாக எடுத்தார். தீவிலும் அதே நிலைமை. வித்தியாசம், பிளேயர் இப்போது விவரம் தெரிந்தவர். உருண்டை ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும் ஹைனாக்ஸ் அரக்கனின் கழுத்தில் தொங்குகிறது. சண்டை போட்டும் எடுக்கலாம், எழுப்பாமல் மேலே ஏறித் திருடவும் செய்யலாம். பாறையை உருட்டலாம், பீப்பாயை வெடிக்க வைக்கலாம், எதிரியிடமிருந்தே கம்பைப் பிடுங்கலாம். தீவு பிளேயருக்குச் சொல்வது இதுதான்: நீ சேர்த்தது பொருள் மட்டும் இல்லை.

இந்தக் கேமில் ஆயுதங்கள் எப்படியும் உடைந்துகொண்டே இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. இழப்பது பிளேயருக்குப் பழகிய விஷயம். அதனால்தான் மொத்தமாகப் போகும்போது அதிர்ச்சி இருக்கிறது, ஆத்திரம் இல்லை. அஞ்ஞாதவாசத்துக்கு முன் பாண்டவர்கள் தங்கள் ஆயுதங்களை வன்னி மரத்தில் தாங்களே மறைத்து வைத்ததுபோல, இருக்கும் இடமும் திரும்ப எடுக்கும் வழியும் தெரிந்துவிட்டால் வெறுங்கையோடு இருப்பது தாங்கக்கூடியதாகிவிடுகிறது.

டிசைனருக்கும் இதில் பெரிய நிம்மதி உண்டு. எங்கே வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் போகக்கூடிய திறந்த உலக கேமில் ஒருவர் மூன்று இதயத்தோடு வருவார், இன்னொருவர் முப்பது இதயத்தோடும் உச்சக் கவசத்தோடும் வருவார். இருவருக்கும் ஒரே சண்டையைச் சவாலாக்குவது நரக வேதனை. பையைக் காலி செய்துவிட்டால் எல்லோரிடமும் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் துல்லியமாகத் தெரியும். இதயங்களை விட்டுவைத்ததால் தீவில் இந்தச் சமநிலை முழுமையாக இல்லை, ஆனாலும் பெருமளவு வந்துவிடுகிறது.

அதே ஆண்டு ஜூன் மாதம் வந்த கூடுதல் பகுதியில் வாளின் சோதனை என்று சுமார் 45 அறைகள் வந்தன. அங்கேயும் வெறுங்கைதான், மூன்று கட்டங்கள். ஒரு கட்டத்தில் செத்தால் அந்தக் கட்டத்தின் முதல் அறையிலிருந்து தொடங்க வேண்டும். மூன்றையும் முடித்தால் லிங்கின் சிறப்பு வாளான மாஸ்டர் வாளின் பலம் 60 ஆகி அப்படியே நிலைத்துவிடும். பரிசு அருமை, ஆனால் நீளம் அதிகம் என்பது என் கருத்து. கடைசி அறைகளில் தோற்றால் மீண்டும் முதலிலிருந்து மரக்கிளை பொறுக்குவது களைப்பாக இருக்கிறது. 2023-இல் வந்த அடுத்த பாகமான டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் இதைச் சுருக்கிவிட்டது. சில கோயில்களுக்குள் நுழைந்தால் பொருட்கள் போய்விடும். ஒரே ஒரு களம், அங்கே கிடக்கும் சாமான்கள், சில எதிரிகள். எல்லோரையும் வீழ்த்தினால் கதவு திறக்கும், பொருட்கள் கைக்கு வரும். ஒரு கோயில் வாகனங்களைப் பற்றி, இன்னொன்று பதுங்கிப் போவதைப் பற்றி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மையம் இருக்கிறது.

மணிக்கணக்காக வெறுங்கையோடு

ஃபால்அவுட்: நியூ வேகஸின் முதல் கூடுதல் பகுதியான டெட் மணி 2010 டிசம்பரில் வந்தது. எலைஜா என்ற கிழவர் ஹீரோவைப் பிடித்து, சாமான்களைப் பறித்து, கழுத்தில் வெடிகுண்டுப் பட்டையை மாட்டி, சியரா மாட்ரே என்ற பாழடைந்த கேசினோ ஊருக்கு அனுப்புகிறார். காற்றில் நச்சு மேகம். சில ஒலிபெருக்கிகளின் பக்கம் போனால் கழுத்துப் பட்டை துடிக்கத் தொடங்கும். விழுந்த எதிரிகள் கைகால் துண்டிக்கப்படாவிட்டால் மறுபடி எழுவார்கள். தேவையானதை எந்திரங்களில் கேசினோ வில்லைகளைப் போட்டு வாங்க வேண்டும். முடிவில் பெட்டகத்தில் 37 தங்கக் கட்டிகள். ஒவ்வொன்றும் 35 எடை. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு சாதாரணமாகத் தப்ப முடியாது. விட்டுவிடத் தெரிவதுதான் கதையே. ஆக, தொடக்கத்தில் பறித்ததும் முடிவில் விட்டுவரச் சொல்வதும் ஒரே எண்ணத்தின் இரண்டு முனைகள்.

கதையாகப் பார்த்தால் இந்த ஒப்பீட்டில் இதற்கே முதலிடம் கொடுப்பேன். ஆனால் யாருக்கும் எளிதாகப் பரிந்துரைக்க மாட்டேன். இத்தனை நேரம் ஒருவரை வெறுங்கையோடு வைத்திருக்க வேண்டுமென்றால், அந்த ஊருக்கென்றே புதிய பொருளாதாரம், புதிய ஆபத்து, புதிய ஆயுதம் எல்லாம் வேண்டும். ஒன்று குறைந்தாலும் தண்டனைபோல் ஆகிவிடும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. திறமைகளை வளர்க்கும் கேம்களில் பறிப்பு எல்லோரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. ஸ்கைரிமில் (2011) சிட்னா சுரங்கச் சிறைக்குள் போகும் வாள் வீரர் நிஜமாகவே நிராயுதபாணி. மந்திரவாதிக்கு எதுவும் போகவில்லை, மந்திரத்தை யார் பிடுங்குவது? அதே கேமில் தால்மோர் என்ற எதிரி அமைப்பின் தூதரகத்தில் நடக்கும் விருந்து இதைவிட நன்றாக அமைந்திருக்கிறது. விருந்துக்குக் கிளம்பும் முன்பே, மால்போர்ன் என்ற பணியாளரிடம் சில பொருட்களைக் கொடுத்து உள்ளே கடத்தலாம். எதைக் கொடுத்தனுப்புவது என்ற யோசனையிலேயே பாதி சுவாரசியம் வந்துவிடுகிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது

குழு சிறியது, நேரம் குறைவு என்றால் டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் கோயில் மாதிரி ஒற்றை அறையில் தொடங்குங்கள். பத்து நிமிடத்தில் முடியட்டும், கட்டாயம் இல்லாமல் இருக்கட்டும். பிளேயர்கள் அதை ரசிக்கிறார்கள் என்றால் ஒரு தீவாக விரிக்கலாம். கேமின் உச்சக்கட்டத்துக்கு வேண்டும் என்றால் ஹாஃப்-லைஃப் 2 வழி, ஆனால் மிஞ்சும் கருவி முதல் பாதியிலேயே கையில் இருக்க வேண்டும். சேமஸ் வழி, கவசமே ஹீரோவாக இருக்கும் கதைகளுக்கு மட்டும். அடித்துப் போட்டுப் பிடுங்குவதைக் கடைசியாகத்தான் யோசிப்பேன், அதுவும் ஆயுதங்கள் வழியில் கிடைப்பவையாக இருந்தால்.

எந்த வழியானாலும், பையில் உள்ளதை அழிக்காதீர்கள். சேவ் கோப்பிலேயே தனியாக ஒரு பெட்டி வைத்து அதற்குள் மாற்றுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும், பிளேயர் வெளியேறி மறுநாள் வந்தாலும் அந்தப் பெட்டி இருக்க வேண்டும். கதைக்குத் தேவையான சாவி, கடிதம் போன்றவற்றைப் பறிக்கும் பட்டியலிலிருந்து விலக்கிவிடுங்கள். இடையில் புதிதாகப் பொறுக்கியவை வெளியே வருமா வராதா என்பதை முதலிலேயே முடிவுசெய்து, பிளேயருக்கும் சொல்லிவிடுங்கள். ஈவன்டைட் தீவில் பொறுக்கியவை வெளியே வருவதில்லை. திருப்பித் தரும்போது பொருட்களைப் பைக்குள் கொட்டினால் மட்டும் போதாது. எந்த வாள் கையில் இருந்ததோ அது கையிலேயே இருக்க வேண்டும், எந்தப் பட்டனில் எந்த மருந்தை வைத்திருந்தாரோ அந்தப் பட்டனிலேயே அந்த மருந்து இருக்க வேண்டும். பட்டன்களை மறுபடி அடுக்க வைத்தால், வென்று வந்த சந்தோஷம் மெனுவிலேயே கரைந்துவிடும்.